கதவைச் சாத்தியவர்

அய்யாசாமி எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்தபோது, "வாங்கோ" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சமையலறைக்குள் போய்விட்டார். என் மாமியார் மடியாக அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டிக் குனிந்து கேஸ் அடுப்பின் ரப்பர் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். "வெடிப்பு விட்டிருக்கு. மாத்திருங்கம்மா" என்றார். மாமியார் அன்றைக்கு இரண்டாம் முறை குளித்தாள். தில்லிக் குளிரில் இரண்டு முறை குளிக்க வைத்த கோபம் அவளுக்கு அந்த மாசம் முழுக்க இருந்தது. குழாயை மறுநாளே மாற்றினோம் என்பது வேறு விஷயம்.

வாசலில் நின்ற தங்கத்துக்கு முகம் செத்துவிட்டது. "தப்பா நெனச்சுக்காதீக மாமி. இவுக எந்த வீட்டுக்குப் போனாலும் இப்பிடித்தான்" என்றாள்.

தங்கம் அவருடைய மனைவி. எனக்கு அவளைத்தான் முதலில் தெரியும். ஜனக்புரியில் எங்கள் வீட்டுக்கும் தீயணைப்பு நிலையத்துக் குவார்ட்டர்ஸுக்கும் பொதுவாக ஒரு பால் பூத் இருந்தது. காலைக் குளிரில் வரிசையில் நின்று பழக்கமானவள். தமிழ்க்காரி என்று தெரிந்ததும், அவள் பாட்டிலுக்கு நானும் என் பாட்டிலுக்கு அவளும் மாறி மாறி இடம் பிடித்துவைக்க ஆரம்பித்தோம். தில்லியில் தமிழர் சினேகம் இப்படித்தான் ஆரம்பிக்கும். பிறகு எந்த ஜில்லா, என்ன மனுஷா என்று விசாரித்துக்கொண்டு கொஞ்சம் விலகுவோம். ஊரிலிருந்து வந்த ஊறுகாய் தீர்ந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வோம். நான் விசாலாக்ஷி, மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா, பூர்வீகம் கும்பகோணம். அவள் மானாமதுரைப் பக்கம். நாங்கள் விலகவே இல்லை.

அய்யாசாமியும் அந்தப் பக்கத்துக்காரர்தான். விமானப்படையில் தீயணைப்புப் பிரிவில் இருந்துவிட்டு, அங்கிருந்து வந்ததும் தில்லியிலேயே தீயணைப்பு நிலையத்தில் சப்-ஆபீசராகச் சேர்ந்தார். கழுத்துக்குக் கீழே, சட்டைக் காலருக்குள் ஒளிகிற அளவுக்கு, ஒரு தீக்காயத் தழும்பு. அது எப்படி வந்தது என்று கேட்டால் "என் முட்டாள்தனத்தால" என்பதோடு நிறுத்திவிடுவார். சினிமாக் கொட்டகையில் ஓரத்து நாற்காலியில்தான் உட்காருவார். கல்யாணத்தில் சாப்பாட்டுப் பந்தலுக்கு எத்தனை வழி என்று பார்த்துவிட்டுத்தான் பந்தியில் உட்காருவார். இவரோடு எங்கே போனாலும் மனுஷனுக்கு நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியாது. ஆனால் ஏதாவது ஆகிவிட்டால் இவர் பக்கத்தில்தான் நிற்கவேண்டும் என்றும் தோன்றும்.

அவருக்கு ஒரே ஒரு வேதம் இருந்தது. "காப்பாத்தப் போறவன் முதல்ல தான் பொழைக்கணும். அவன் விழுந்துட்டா, காப்பாத்த வேண்டியது ரெண்டு பேர். அவங்களை எடுக்கப் போறவனும் விழுந்தா மூணு." இதைப் புதிதாக வரும் தீயணைப்பு வீரனிடமும் சொல்வார், எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாயைச் சாப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரரிடமும் சொல்வார். என் வீட்டுக்காரரோ ஆபீஸ் ஃபைலைத் தவிர எந்த ஆபத்திலும் கை வைக்காதவர். பலமாகத் தலையாட்டுவார்.

தங்கத்தின் தம்பி வேலு ஊரில் பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். ரயிலேற்றி வரவழைத்து, அய்யாசாமிதான் அவனைக் குடிதண்ணீர் பம்ப் ஹவுஸ் ஒன்றில் தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டார். இருபத்திரண்டு வயசு இருக்கும். எப்போது பார்த்தாலும் சிரிப்பு. இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் முன்னறை அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் அய்யாசாமி அவன் கண்ணைத் துண்டால் கட்டிவிட்டு, "வீடு பூரா புகை. வெளிய வா பாப்போம்" என்பார். அவன் சமையலறையிலிருந்து வாசல்வரை வயிற்றால் ஊர்ந்து வரவேண்டும். தலையைக் கொஞ்சம் தூக்கினாலும் முதுகில் ஒரு அடி விழும். "புகை மேல போகும், நல்ல காத்து கீழ இருக்கும். தரையோட தரையா கெட மாப்ளே!" நானே பார்த்திருக்கிறேன். தங்கம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நானும்தான் சிரித்தேன்.

எண்பத்துமூன்றாம் வருஷம், டிசம்பர் மாதம். அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. வேலு சொன்னது, அய்யாசாமி நிலையத்தில் வேலை பார்த்த ஓம்பீர் சொன்னது, அய்யாசாமி வாயிலிருந்து பிடுங்கியது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குடிதண்ணீரில் கிருமி சாவதற்காக குளோரின் கலக்கிறார்கள் அல்லவா, அது பம்ப் ஹவுஸுக்குப் பெரிய பெரிய இரும்பு சிலிண்டர்களில் வரும். அவற்றை வைத்திருக்கும் அறை நீளமானது. ஒரு முனையில் இரும்புக் கதவு. மறு முனையில், சிலிண்டரைத் தூக்கும் சங்கிலிக்குப் பக்கத்தில், சுவரோடு ஓர் இரும்பு ஏணி. அதற்கு மேலே கம்பி போட்ட கண்ணாடி ஜன்னல். அவ்வளவுதான். வேறு வழி கிடையாது. வேலு அந்த மறு முனையில் இருந்தபோது கதவுப் பக்கத்து சிலிண்டரின் வால்வு உடைந்தது. கதவருகே நின்ற ஆபரேட்டர் வெளியே ஓடி வந்துவிட்டார். வேலுவுக்கும் கதவுக்கும் நடுவில் பச்சையும் மஞ்சளுமாகப் புகை.

தீயணைப்பு வண்டி வந்தது. அய்யாசாமி இறங்கியதும் ஆபரேட்டர் அழுதுகொண்டே "வேலு அந்தர் ஹை சாப்!" என்றார். உள்ளே இருப்பது யார் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

விஷக்காற்றில் போவதற்கு முதுகில் காற்றுச் சிலிண்டரும் முகத்தில் மூடியும் உள்ள செட் ஒன்று உண்டு. நிலையத்துக்குக் கொடுத்திருந்தது இரண்டு. ஒன்று பழுதுபார்க்கப் போய் மாதக்கணக்கில் திரும்பவில்லை. தனி ஆளாக எவனும் உள்ளே போகக்கூடாது. இருவர் போகவேண்டும், வெளியே இன்னொருவர் செட்டோடு தயாராக நிற்கவேண்டும் என்பது விதி. விதி எழுதினவன் இரண்டு செட்டைக் கொடுத்துவிட்டு எழுதியிருக்கிறான். அய்யாசாமி வண்டியின் வயர்லெஸ்ஸில் இன்னொரு நிலையத்தைக் கூப்பிட்டு, செட்டுகளோடு வண்டி அனுப்பச் சொன்னார். "யாரும் உள்ளே போகாதே" என்று உத்தரவிட்டுவிட்டுத்தான் வயர்லெஸ்ஸுக்குப் போனார்.

அவர் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்குள் ஓம்பீர் போய்விட்டான். அரியானாக்காரன், மலைமாதிரி ஆள், இரண்டு குழந்தைக்குத் தகப்பன். வேலுவோடு நிலையத்து முற்றத்தில் தினமும் வாலிபால் ஆடுகிறவன். தோளில் கிடந்த துண்டை நனைத்து முகத்தில் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, தரையோடு தரையாக ஊர்ந்து போனான். அய்யாசாமி அடித்துச் சொல்லிக்கொடுத்த அதே ஊர்தல். புகைக்கு அது சரி. ஆனால் குளோரின், காற்றைவிடக் கனம். கீழேதான் வந்து தேங்கும். ஓம்பீர் நேராக அதற்குள் மூஞ்சியைக் கொடுத்துவிட்டான். கதவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கிடந்துவிட்டான்.

அய்யாசாமி அந்த ஒற்றை செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். தனி ஆளாகத்தான். விதியை அவரே மீறினார், அதை அவர் ஒருபோதும் மறைக்கவில்லை. ஓம்பீரின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தார். அவன் உதைத்தான், முகமூடியைப் பிடித்துப் பிடுங்கப் பார்த்தான். அவனோடு மல்லுக்கட்டி வாசலுக்குக் கொண்டுவந்து போட்டபோது முதுகுச் சிலிண்டர் விசில் அடிக்க ஆரம்பித்துவிட்டது. காற்று தீரப்போகிறது என்பதற்கு அந்த விசில்.

அந்த இடத்தில் நின்றுதான் அவர் திரும்பிப் பார்த்தார். புகை நடுவில் விலகியபோது, அறையின் கடைசியில் வேலு தெரிந்தான். குப்புறக் கிடந்தான். துண்டை மூக்கில் அழுத்தி, முகத்தைத் தரையோடு சேர்த்து, சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடப் பிசகாமல் கிடந்தான்.

"அவங்கிட்ட ஓடிப் போயிரலாம்னு தோணிச்சும்மா" என்று பின்னால் ஒருநாள் என்னிடம் சொன்னார். "போறதுக்குக் காத்து இருந்துச்சு. திரும்ப இல்ல."

அதற்குள் இன்னும் இரண்டு வீரர்கள் துண்டை நனைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டி கோட்டைக் கழற்றிவிட்டான். பம்ப் ஹவுஸ் ஆட்கள் நாலைந்து பேர் கதவை நோக்கி வந்தார்கள். அய்யாசாமி இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினார். சங்கிலியைப் போட்டார். ஆபரேட்டர் கையிலிருந்த பூட்டை வாங்கிப் பூட்டி, சாவியைத் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு கதவில் முதுகைச் சாய்த்து நின்றார்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "டர்போக்!" என்று கத்தினார்கள். கோழையே என்று அர்த்தம். தண்ணீராவது அடி என்றார்கள். கசிகிற சிலிண்டரில் தண்ணீர் பட்டால் அமிலமாகி ஓட்டை இன்னும் பெரிசாகும், அடிக்க முடியாது என்றார். தீயணைப்பு வண்டி வந்து நின்று தண்ணீரும் அடிக்காமல், உள்ளேயும் போகாமல், கதவையும் பூட்டிக்கொண்டு நின்றால் பார்க்கிறவனுக்கு என்ன தோன்றும்? ஒருவன் செருப்பைக் கழற்றி அவர் தோளில் அடித்தான். இன்னொருவன் சட்டையைக் கிழித்தான். அவர் நகரவில்லை. மற்ற வீரர்கள் வந்து கதவை மறித்து நின்ற பிறகுதான், அவர்கள் மூஞ்சியை ஒவ்வொன்றாகப் பார்த்து, "எவனாவது திறந்தா வேலை போயிரும்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, வண்டியிலிருந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசிக்கொண்டிருந்தது. ஏணியைச் சாத்தி ஏறி ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்.

"எந்திரிடா மாப்ளே! தரையில கெடக்காத! எந்திரி!"

வேலு தலையை அசைத்தான். எழுந்திருக்கவில்லை. "மச்சான் என்னைச் சோதிக்கிறாகன்னு நெனச்சேன் மாமி" என்று என்னிடம் சொன்னான். தலையைத் தூக்கினால் அடி விழும் என்று பழகிய பிள்ளை.

"நான் சொன்னது புகைக்குடா! இது வேறடா! இது கீழதான் நிக்கும்! ஏணியில ஏறு, ஏறுடா பாவி!"

தொண்டை கிழியக் கத்தினார். எத்தனை நேரம் கத்தினார் என்று அவருக்கே தெரியாது. வேலு முட்டி போட்டான், சுவரைப் பிடித்தான், ஏணியில் ஒரு படி, இன்னொரு படி என்று ஏறினான். ஜன்னல் கம்பிக்கு முகம் வந்தது. கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. வாயில் நுரை. அய்யாசாமி கம்பிக்குள் கையை விட்டு அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மூஞ்சியை இங்கிட்டு வை. கம்பிக்கு வெளிய மூச்சை விடு."

"கதவைத் தெறங்க மச்சான்."

"வண்டி வருது."

"எரியுது மச்சான். யாரையாச்சும் அனுப்புங்க."

"அனுப்ப மாட்டேன். ஒருத்தனும் வரமாட்டான். நீ மூச்சு விடு."

கம்பியை அறுக்கிற கருவி வரவேண்டிய வண்டியில்தான் இருந்தது. கடப்பாரை கொண்டுவந்து நெம்பிப் பார்த்தார்கள். சர்க்கார் கட்டடத்தில் எங்கே சிமெண்டு உதிர்ந்தாலும் பரவாயில்லையோ அங்கே மட்டும் கெட்டியாகப் பூசியிருந்தார்கள். ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படுகிற தூரம். ஒருவருக்கும் அங்கிருந்து நகர வழியில்லை. வேலு சரியும்போதெல்லாம் அய்யாசாமி மணிக்கட்டை இழுத்து நிறுத்தினார். கம்பியில் உரசி அவர் முழங்கைத் தோல் உரிந்துவிட்டது. வேலு "தெறங்க, தெறங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு சொல்வதையும் நிறுத்திவிட்டான்.

வண்டி வந்தது. இரண்டு பேர் செட் மாட்டிக்கொண்டு போனார்கள், மூன்றாமவன் வாசலில் நின்றான். சாவியைக் கொடுத்தது அய்யாசாமிதான். வேலுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது.

உயிர் மட்டும்தான் முழுசாக இருந்தது. நுரையீரல் பாதி வெந்துவிட்டது என்றார் டாக்டர். "சற்று முன்னால் வெளியே வந்திருந்தால்" என்று அந்த மனுஷர் ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தார். டாக்டர்களுக்கு வாய் ஏன் சும்மா இருக்கமாட்டேன் என்கிறதோ தெரியவில்லை. தங்கம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

மீதியை அவளுக்குச் சொன்னது ஓம்பீரின் மனைவி. நன்றி சொல்லத்தான் வந்தாள் பாவம். தங்கத்தின் காலைத் தொட்டு, உங்கள் வீட்டுக்காரர் உள்ளே போய் என் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாரே, என் தாலியை மீட்டாரே என்று அழுதாள். தங்கத்துக்கு அதுவரை தெரிந்தது, யாருமே உள்ளே போக முடியவில்லை என்பதுதான். போக முடிந்திருக்கிறது. போயும் இருக்கிறார். தம்பிக்காக அல்ல.

"கிட்டக்க கெடந்தவனை எடுத்தேன். அவனுக்குத்தான் காத்து பத்தும்" என்றாராம் அய்யாசாமி.

"நீங்க கணக்குப் பாத்தீகளாக்கும்" என்று மட்டும் கேட்டாளாம் இவள்.

சண்டையில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தானாக ஒரு பேச்சும் எடுக்கவில்லை. முன்னறையில் வேலு தலையணையை அண்டக்கொடுத்து உட்கார்ந்தபடியே தூங்கினான். படுத்தால் மூச்சு முட்டும். நாலு வீடு தள்ளி எவளாவது அங்கீட்டிக் கரியடுப்பை மூட்டினால் போதும், இருமல் பிடித்துக்கொள்ளும். அதனால் குளிர்காலம் பூராவும் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் பழைய துணியைத் திணித்து வைத்திருப்பாள் தங்கம். அடைத்துப் போட்ட இரண்டு அறை, அதில் மூன்று பேர், ஓர் இருமல். நான் போனால் அரைமணிக்கு மேல் உட்கார முடியாது. வேலு ஒருநாளாவது மச்சானைக் குற்றம் சொல்லியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை அவர் வந்ததும் எழுந்திருக்கப் பார்ப்பான்.

நிலையத்திலும் கேலிக்கூத்துதான். உத்தரவை மீறி உள்ளே போன ஓம்பீருக்கு வீரத்துக்காகப் பாராட்டு வந்தது. கதவை ஏன் பூட்டினாய், எந்த அதிகாரத்தில் பூட்டினாய் என்று அய்யாசாமிக்கு விசாரணை வந்தது. விசாரணையில் தப்பில்லை என்று தீர்ந்தது. ஆனால் அதற்குப் பிறகு நிலையத்தில் இளவட்டங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஜேபியைத் தட்டிக் காட்டிச் சிரிப்பார்களாம், சாவி, சாவி என்று. ஓம்பீர் சிரிக்கவில்லை. அவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து வேலுவின் காலடியில் உட்கார்ந்துவிட்டுப் போவான்.

ஒருநாள் பால் பூத்தில் தங்கத்துக்குப் பதில் அய்யாசாமி பாட்டிலோடு நின்றார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். "ஏன் இப்படி உடம்பைக் கெடுத்துக்கறேள்? நீங்க செஞ்சது சரின்னு எல்லாருக்கும் தெரியும்" என்றேன். எனக்கு ஆறுதல் சொல்ல வராது, அதட்டத்தான் வரும்.

"சரிதாம்மா" என்றார். "சரியா இருக்கிறதுதான் தொல்லை. தப்பா இருந்தா அவ காலைப் புடிச்சு அழுதுருவேன். இதுக்கு என்ன செய்யிறது? எந்த வீட்டுக்குள்ள போனாலும் வெளிய வர வழி பாப்பேன். என் வீட்டுக்குள்ள போனா வெளிய வர வழி தெரியல."

எனக்கு அவர்மேல் அன்றைக்குத்தான் நிஜமாகப் பரிதாபம் வந்தது.

மறு வருஷம் டிசம்பரில் போபால் நடந்தது. அதுவரை விஷவாயு என்ற வார்த்தையே கேட்டிராதவர்கள் எல்லாம் பஸ்ஸில், ஆபீஸில், கறிகாய்க் கடையில் அதையே பேசினார்கள். எங்கள் தமிழ்ச் சங்கச் செயலாளர் ராமமூர்த்திக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. நம்ம ஆள் ஒருத்தர், நம்ம பேட்டையிலேயே, விஷவாயுவோடு மோதியிருக்கிறாரே! பொங்கல் விழாவில் பொன்னாடை போர்த்தியே தீருவது என்று முடிவு கட்டிவிட்டார். அய்யாசாமி வேண்டாம் என்றார். ராமமூர்த்தி சாணக்யபுரியில் மந்திரிகளையே தமிழ்நாட்டு விருந்தினர் மாளிகை வாசலில் மடக்கி விழாவுக்கு இழுத்துவருகிறவர். ஒரு சப்-ஆபீசரை விடுவாரா? தங்கம்தான், எனக்கு ஆச்சரியமாக இருந்தது, "போவோம்" என்றாள். வேலுவைக் குளிரில் கூட்டிவர முடியாது என்று ஓம்பீரைத் துணைக்கு வைத்துவிட்டு, கல்யாணப் பட்டை உடுத்திக்கொண்டு வந்தாள். ஊரார் வாயால் தன் புருஷனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை கேட்க ஆசைப்பட்டாள் என்று நினைக்கிறேன். கேட்டால் தனக்கும் மனசு மாறும் என்று நினைத்திருப்பாள்.

பள்ளிக்கூட ஹாலில் பகல் விழா. சர்க்கரைப் பொங்கல் வாசனை மேடைவரை வந்தது. ராமமூர்த்தி மைக்கைப் பிடித்தார். கொடிய விஷவாயு சூழ்ந்த அறைக்குள் தன்னுயிரைத் துச்சமென மதித்துப் பாய்ந்து, உடன்பிறவா மைத்துனனைத் தோளில் சுமந்து மீட்டுவந்த தமிழ் மறவர் என்றார். தங்கம் என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. பொய் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் கேட்க நன்றாக இருந்தது அவளுக்கு.

பொன்னாடையைப் போர்த்தினார்கள். அய்யாசாமி அதைத் தோளிலிருந்து எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷன் பேசாமல் கும்பிட்டுவிட்டு இறங்கக்கூடாதா?

"ஐயா தப்பாச் சொல்லிட்டாக" என்றார் மைக்கில். "என் மச்சினனை எடுக்க நான் உள்ளே போகலை. என்கூட வேலை பாத்தவர் ஒருத்தரை எடுக்கத்தான் போனேன். என் மச்சினன் உள்ளே இருக்கும்போது கதவைப் பூட்டினவன் நான்தான். யாராச்சும் உள்ளே விழுந்து கிடந்தா, பாத்ததும் பாயாதீங்க. பாயிறவனையும் சேத்துத்தான் தூக்கணும். இதை உங்க புள்ளைங்களுக்குச் சொல்லுங்க."

முன்வரிசையில் இருந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பாதிதான் புரியும். பேச்சு முடிந்தது என்று நினைத்துப் பலமாகக் கைதட்டினார்கள். பின்னாலிருந்து யாரோ "அடப்பாவி, மச்சினனையா?" என்றது எங்கள் காதில் நன்றாக விழுந்தது. தங்கம் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சர்க்கரைப் பொங்கலுக்கு நிற்காமல் வெளியே நடந்தாள். அவர் பின்னாலேயே போனார். அவளைத் தனியாக விட மனசில்லாமல் நானும் போனேன்.

பஸ் ஸ்டாப்பில் எங்களைத் தவிர யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் நினைத்தால் வரும். நல்ல வெயில், ஆனாலும் காற்று குத்தியது. அவர் பொன்னாடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏங்க" என்றாள் தங்கம். அவள் தானாகப் பேச்செடுத்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அவர் சட்டென்று திரும்பினார்.

"அன்னைக்கு உள்ள வேலு இல்லாம நான் இருந்திருந்தா?"

எனக்கு எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. சொல்லுமய்யா என்று உள்ளுக்குள் கத்தினேன். உடைத்துக்கொண்டு வந்திருப்பேன் என்று சொல்லித் தொலையுமய்யா. ஆம்பிளைகள் பெண்டாட்டியிடம் தினமும் சொல்கிற ஆயிரம் பொய்யில் இது ஒன்று.

அவர் முகம் வெளிறிவிட்டது. நான் பார்க்க அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

"சாத்தித்தான் இருப்பேன்" என்றார்.

தங்கம் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"சாத்தத்தான் வேணும். எனக்கு அது புரியாம இல்ல. நான் உள்ள கெடந்தா, ஒருத்தரும் வராதீகன்னு நானே கத்தியிருப்பேன். அது அங்க. இங்க பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு, உனக்காக வந்திருப்பேன்டின்னு ஒரு வார்த்தை சொன்னா யாரு செத்துறப்போறா?"

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறிப் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து, முகத்தை அவர் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளெதிரே நின்றார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். குவார்ட்டர்ஸ் ஸ்டாப் வரும்வரை அவள் காத்திருந்தாள். அந்த ஒரு வார்த்தையை அந்த மனுஷனால் சொல்ல முடியவில்லை.